அறுநூறு டிக்கெட், நாற்பது தாள்: விஸ்காம் மாணவியின் தாய்க்கு

“இரண்டாம் ஆண்டு விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் மகள், கல்லூரித் தெருக்கூத்து விழாவுக்கு டிக்கெட் வடிவமைக்கிறேன் என்று மூன்று வாரமாகக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள். இதை வைத்து வேலை கிடைக்குமா?” என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா.

கிடைக்க வழியுண்டு. ஆனால் அழகான படம் ஒன்றை மட்டும் நீட்டினால் நடக்காது. போஸ்டர் சுவரில் ஒட்டியதோடு சரி. டிக்கெட்டோ விற்க வேண்டும், வாசலில் கிழிக்க வேண்டும், கடைசியில் கணக்கும் ஒப்ப வேண்டும். அச்சகத்திலோ வடிவமைப்பு நிறுவனத்திலோ ஆள் எடுப்பவர், மாணவிக்கு இதெல்லாம் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார். ஆகவே மகளிடம் “அழகா இருக்கா?” என்று கேட்பதை விட்டுவிட்டு, கீழே உள்ளவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி அளவு. டிஜிட்டல் அச்சுக்கடைகளில் பெரும்பாலும் 12×18 அங்குலத் தாளில் அடிப்பார்கள். டிக்கெட் 5.5×2 அங்குலம் என்றால், நாலு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டி நிறம் நீளும் ஓரம்) விட்டும் ஒரு தாளில் 15 அடங்கும். 600 டிக்கெட்டுக்கு 40 தாள். நீளத்தை 6 அங்குலமாக்கினால் 10தான் அடங்கும். 60 தாள் ஆகிவிடும். அரை அங்குலத்துக்கு 20 தாள் கூடுதல் செலவு. வரையத் தொடங்கும் முன்பே கடைக்காரரிடம் தாள் அளவையும், ஓரத்தில் அச்சு விழாத இடம் எவ்வளவு என்பதையும் கேட்டுவிடணும்.

அடுத்தது அடிக்கட்டை, அதாவது வாசலில் கிழித்து எடுக்கும் துண்டு. 5.5 அங்குலத்தில் 1.25 அங்குலத்தை வாசலில் கிழித்து வைத்துக்கொள்ள ஒதுக்கலாம். வரிசை எண், இருக்கை எண், விலை மூன்றும் இரண்டு துண்டிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விழா முடிந்து கணக்குப் பார்க்க வழியில்லை. கிழிப்பதற்காகச் சிறு துளைகள் போடும் துளைக்கோட்டின் இரு பக்கமும் 4 மி.மீ. வரை எழுத்து வரக்கூடாது. அந்தக் கோட்டையும் மையால் அச்சடிப்பது பலரும் செய்யும் தப்பு: துளை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பல்லிளிக்கும். துளை விழும் இடத்தைத் கோப்பில் தனி லேயரில் (அடுக்கில்) குறித்துக் கொடுத்தால் போதும். 15 டிக்கெட்டும் தாளில் ஒரே பக்கம் பார்த்து நிற்கட்டும். அப்போதுதான் மூன்றே ஓட்டத்தில் துளையிட்டு முடிக்கலாம்.

தாள் 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஆர்ட் கார்டு. பளபளப்புக்கு ஆசைப்பட்டு லேமினேஷன் போட்டால் துளையில் நேராகக் கிழியாது, ரப்பர் ஸ்டாம்ப் மையும் காயாமல் ஈஷும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது எண்ணிடுவதில். தாளில் இடமிருந்து வலமாக 1, 2, 3 என்று போட்டுவிட்டால், வெட்டியபின் 15 கட்டுகளிலும் எண்கள் சிதறி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து அடுக்க வேண்டியதுதான். 40 தாளையும் அடுக்கினால் முதல் டிக்கெட் கட்டத்தில் 1 முதல் 40, இரண்டாவதில் 41 முதல் 80, கடைசிக் கட்டத்தில் 561 முதல் 600 என்று வரவேண்டும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் டேட்டா மெர்ஜ் (பட்டியலிலிருந்து எண்களைத் தானாக நிரப்புவது) செய்யும்போது பட்டியலை 1, 41, 81… 561, பிறகு 2, 42, 82… என்ற வரிசையில் எழுதிக் கொடுத்தால், வெட்டிய கட்டுகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்ததும் வரிசை தானாக அமையும். நடுவில் தாள் சிக்கி மறுபடி அடித்தால், கசங்கிய தாளை அங்கேயே கிழித்துப் போடணும். இல்லாவிட்டால் ஒரே எண்ணில் இரண்டு டிக்கெட் வெளியே போய்விடும்.

கியூ.ஆர். போடுவதாக இருந்தால் டிக்கெட்டுக்கு ஒன்று வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே குறியீடு என்றால் அது வெறும் அலங்காரம். 2 செ.மீ.க்குக் குறையாமல், வெளிர் பின்னணியில் கறுப்பாக, சுற்றிலும் வெற்றிடம் விட்டு வைக்கலாம்.

தமிழ் எழுத்தில் தனிக் கவனம் வேண்டும். இன்டிசைனில் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கூத்து’ என்ற சொல்லே உடைந்து, உகரக் குறிகள் தனியே தொங்கும். மேடை என்பதில் கொம்பு இடம் மாறி நிற்கும். முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் போன்ற இலவச யூனிகோடு எழுத்துருக்கள் கிடைக்கின்றன. கடைக்கு அனுப்பும் பிரதியில் எழுத்துகளை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வரைகோடாக) மாற்றிவிட வேண்டும். திருத்தக்கூடிய மூலக் கோப்பு தனியே இருக்கட்டும். சின்ன எழுத்துக்கு நூறு சதவீதக் கறுப்பு மட்டும் போதும். நாலு மையும் கலந்த கறுப்பென்றால் மைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பதிவு சற்று விலகியதும் எழுத்தோரம் நிழலடிக்கும். அடர்ந்த பின்னணியில் வெள்ளையாக விடும் 8 பாயின்ட் அளவுக்குக் கீழான தமிழில், புள்ளியும் சுழியும் அடைத்துப்போகும்.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கூத்து விழா டிக்கெட்டில் இணையத்தில் எடுத்த கதகளி முகத்தை ஒட்டுவது இன்றும் நடக்கிறது. கட்டியங்காரன் என்ற கோமாளி, முகவீணை என்ற ஊதுகருவி, கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் என்று கூத்திலேயே எவ்வளவோ இருக்கிறது. கலைஞர்களிடம் அனுமதி கேட்டுப் படமெடுத்து, அதிலிருந்து கோட்டோவியம் போடச் சொல்லுங்கள். நேர்காணலில் ‘இது எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்விக்கு அதுவே பதில்.

அச்சுக்குப் போகும் முன் பிரிண்டரில் ‘ஆக்சுவல் சைஸ்’ (உண்மை அளவு) வைத்து ஒரு பிரதி எடுத்து, வெட்டி, கிழித்துப் பார்க்கணும். அரங்கின் மங்கல் வெளிச்சத்தில் கை நீட்டிய தூரத்தில் இருக்கை எண் தெரிகிறதா, தேதிக்குரிய கிழமை நாட்காட்டியோடு ஒத்துப்போகிறதா என்று வேறொருவர் பார்ப்பது நல்லது. வரைந்தவர் கண்ணுக்குப் பிழை தட்டுப்படாது.

வேலை கேட்கும்போது காட்டும் போர்ட்ஃபோலியோவில் (படைப்புத் தொகுப்பில்) இதற்கு நாலு பக்கம் கொடுக்கலாம்: தேவை என்ன என்ற அரைப் பக்கக் குறிப்பு, நிராகரித்த கைவரைவுகள், அளவு குறித்த வரைபடம், அச்சான டிக்கெட்டின் நிஜப் புகைப்படம். இணையத்தில் கிடைக்கும் மாக்கப் (அச்சடித்தது போலக் காட்டும் போலிப் படம்) வேண்டாம். ஆள் எடுப்பவர்கள் தினம் இருபது பார்க்கிறார்கள். தவறாகப் போனது எது, ஏன் என்று நாலு வரியும் சேரட்டும்.

விடுமுறையில் சிவகாசியிலோ சென்னையிலோ ஒரு அச்சகத்தின் ப்ரீபிரஸ் (அச்சுக்கு முன் கோப்பைத் தயாரிக்கும்) பிரிவில் பயிற்சிக்கு இந்த நாலு பக்கத்தோடு போய்க் கேட்கலாம். மேற்படிப்பென்றால் எம்.டெஸ். என்ற வடிவமைப்பு முதுநிலைப் படிப்புக்கு ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் சீட் (CEED) நுழைவுத் தேர்வை மூன்றாண்டுப் பட்டத்தின் இறுதியாண்டிலேயே எழுதலாம். சேர்க்கை விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கை யாருக்காவது இந்தப் பக்கம் ஆசை வந்தால், கிண்டி பொறியியல் கல்லூரியில் அச்சு மற்றும் சிப்பமாக்கல் தொழில்நுட்பம் பி.இ. படிப்பாகவே இருக்கிறது.

விழா முடிந்ததும் வாசலில் சேர்ந்த அடிக்கட்டைகளில் ஒரு பத்தை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். துளை நேராகக் கிழிந்ததா என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.