முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடைகாலத்தையும் அதன் இயற்கை அடையாளங்களையும் எவ்வாறு கற்பிக்கலாம்?

கேள்வியைக் கேட்டவர் புதிதாகப் பணியில் சேர்ந்த முன்பள்ளி ஆசிரியையாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த வாரத் தலைப்பு 'கோடைகாலம்' என்று வந்திருக்கும். சுவரில் ஒட்ட ஒரு படத்தாளும், பிள்ளைகள் நிறந்தீட்ட ஒரு சிரித்த முகச் சூரியனும் தேடிக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். திருகோணமலை நகருக்கு வடக்கே, கடலோரக் கிராமமொன்றில் பதினேழு ஆண்டுகளாக முன்பள்ளி நடத்துகிறேன். நான் எழுதுவது கிழக்குக் கரைக்குப் பொருந்துவது. நுவரெலியாவிலும் கொழும்பிலும் இருப்பவர்கள் தங்கள் ஊரில் அப்படியில்லை என்று என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

முதலாம் ஆண்டில், கடையில் வாங்கிய நான்கு பருவங்களின் படத்தாளை வகுப்பில் தொங்கவிட்டேன். கோடைக்கான கட்டத்தில் பொன்னிறத் தலைமுடியுள்ள பிள்ளைகள் இருவர், கோடு போட்ட குடையின் கீழிருந்து மணல் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கரைவலை இழுக்கும் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி அருகில் வந்து நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இது ஆரின்ட கடல்? வலையைக் காணேல்ல, வள்ளத்தையும் காணேல்ல" என்றாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. மார்கழியில் எங்கள் கடல் கரையை அறைந்துகொண்டிருக்கும்; வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை குளம்போலக் கிடக்கும். அப்போதுதான் கரைவலை இழுபடும், மேற்குக் கரையிலிருந்து வரும் மீனவர்கள் கரையில் வாடி எனும் தற்காலிகக் குடில்கள் போடுவார்கள், நிலாவெளியில் வெளிநாட்டார் குளிப்பார்கள். அவளுடைய தகப்பனின் தொழிலிலேயே கோடை முழுவதும் இருந்தது. நான்தான் அதைக் கடையில் தேடியிருக்கிறேன்.

எங்களுக்கு ஐரோப்பியரின் நான்கு பருவங்கள் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி முதல் தை வரை கொட்டுவதுதான் மழை. மீதி மாதங்களில் வானம் எப்போதாவதுதான் இரங்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நாட்டின் மறுபக்கம் நனைகிறது. அந்தக் காற்று மலைநாட்டில் ஏறும்போது நீரையெல்லாம் அங்கேயே இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது வறண்டு, சூடேறி வருகிறது. அதைத்தான் நாம் கச்சான் என்கிறோம். இதையெல்லாம் நாலு வயதுப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் கற்பிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வைகாசியில், "இனி எங்களுக்குக் கச்சான் வரும்" என்று அறிவித்தேன். முன்வரிசைச் சிறுவன் உடனே இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டினான். நிலக்கடலைக்கும் எங்களிடம் கச்சான் என்றுதான் பெயர்; வறுத்த கச்சானை அல்லாமல் வேறெதை அவன் எதிர்பார்ப்பான்? அன்று சிரித்து முடித்துவிட்டு, நீட்டிய அந்தக் கைகளிலேயே நனைத்த கைக்குட்டையைக் கொடுத்து, முற்றத்துக் கொடியில் போடச் சொன்னேன். மார்கழியில் அதே கொடியில் போட்டது வீட்டுக்குப் போகும் வேளையிலும் ஈரமாகத்தான் இருந்திருந்தது. இப்போது பயறும் தேங்காய்ப்பூவும் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் காய்ந்து மொறுமொறுத்தது. அதன்பின் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தென்னோலைகளைப் பார்க்கச் சொன்னேன். மழைக்காலத்தில் கடலிலிருந்து வரும், கோடையில் காட்டுப் பக்கமிருந்து வரும் என்பதை அவர்கள் ஒரே காலையில் பிடித்துக்கொண்டார்கள். பிற்பகலில் கடற்காற்றும் எழுவதுண்டே என்று யாராவது கேட்கலாம். உண்மைதான், ஆனால் அதற்கு முன்பே எங்கள் முன்பள்ளி கலைந்துவிடும்.

எனக்கு மிகப் பெரிய பாடத்தைக் கற்பித்தவன் வேறொரு சிறுவன். "கோடை வந்துவிட்டதென்று எப்படித் தெரியும்?" என்று கேட்டபோது மற்றவர்கள் வெயில், வியர்வை, ஐஸ்பழம் என்றார்கள். இவன், "அம்மா கிணத்துக் கயித்துக்கு இன்னொரு துண்டு முடிஞ்சவ" என்றான். மறுவாரம் எங்கள் வளவுக் கிணற்றில் வாளியை இறக்கி, அது நீரைத் தொட்டபோது கட்டுவிளிம்பில் என் கை இருந்த இடத்தில் சிவப்புத் துணியொன்றைக் கட்டினேன். பின்னர் கயிற்றை முற்றத்து மணலில் நீட்டிவிட்டு, வாளியிலிருந்து துணி வரைக்கும் பாதத்தின் முன் பாதம் வைத்து நடக்கச் சொன்னேன். மாசியில் பன்னிரண்டு பாதங்களாக இருந்தது, இரண்டு வாரத்துக்கு ஒரு துணி என்று நீண்டு, ஆவணியில் இருபதைத் தாண்டியது. என் பிள்ளைகளுக்கு இருபது வரைதான் எண்ணத் தெரியும். ஆகவே "இருபதும் இன்னும் கொஞ்சமும்" என்று பதிந்தோம். கார்த்திகையில் மழை விழுந்து கயிறு மறுபடி குறுகியபோது அவர்கள் கைதட்டியது இப்போதும் காதில் கேட்கிறது.

அந்த ஆவணியிலேயே மேற்பார்வைக்கு வந்த ஒருவர், மணலில் கிடந்த கயிற்றைத் தாண்டி வந்து, "பருவகாலப் படம் எங்கே?" என்று கேட்டார். கயிற்றைக் காட்டினேன். குறிப்பேட்டில் 'கற்பித்தல் சாதனம் இல்லை' என்று எழுதினார். இதை மனக்குறையாகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அதே வருகையில், பிள்ளைகள் சப்பாத்தும் காலுறையும் கழுத்துப்பட்டியும் அணியாததையும் குறை கூறினார். சுட்டெரிக்கும் வெயிலில் நாலு வயதுக் கழுத்தில் பட்டியைக் கட்டிவிட்டு, கோடையில் பருத்தி உடை அணிய வேண்டுமென்று படத்தில் காட்டுவது என்ன நியாயம் என்று அன்று கேட்காமல் விட்டது இன்றைக்கும் உறுத்துகிறது. நான் படத்தாளுக்கோ பனிமனிதனுக்கோ எதிரி அல்லள். கனடாவிலிருந்து பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் வீடுகளில் பனிமனிதனுக்கும் வேலை உண்டு. முதலில் வளவு, பிறகு படம் என்பதுதான் என் கட்சி.

மற்ற அடையாளங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பங்குனியில் வேம்பு செந்தளிர் விட்டுப் பூக்கும். பூவைக் கையில் கொடுத்து மணக்கச் சொல்லுங்கள். மழைக்காலம் முழுவதும் விடியலிலும் மாலையிலும் குரல் கொடுத்த ஆறுமணிக்குருவி சித்திரையோடு இந்தியாவுக்குப் போய்விடும். ஒரு குரல் நின்றுபோவதும் அடையாளம்தான், அந்த இடத்தைக் குயில் எடுத்துக்கொள்ளும். பிறகு கொன்றை மஞ்சளாகத் தொங்கும். அதற்கும் பின் பாலைப்பழம் வீதியோரத்தில் சுண்டுக் கணக்கில் விற்பனைக்கு வரும். நாலு பழம் தின்றால் பாலில் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அன்று வகுப்பு அமைதியாக இருக்கும். கரடிக்கும் இதுவே பிரியமான பழம் என்று சொன்னால் ஒட்டிய உதட்டோடு உறுமுவார்கள்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வரும். முன்பள்ளி விடுமுறையாதலால் இதைப் பெற்றோரிடம் விடுகிறேன்: பன்னிரண்டு மணி கடந்து சில நிமிடங்களில் பிள்ளையை முற்றத்தில் நிறுத்தி, நிழல் எங்கே போனதென்று கேட்க வேண்டும், ஒரு நிமிடத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது.

பிள்ளைகளை வெயிலில் அலைக்கழிக்கச் சொல்கிறாள் என்று யாரும் எழுதிவிடாதபடி இதையும் சேர்க்கிறேன்: முற்றத்து வேலையெல்லாம் ஒன்பதரை மணிக்குள், மரநிழலில், தண்ணீர்ப் போத்தல் பக்கத்தில் இருக்கச் செய்வது. கிணற்றங்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்வதே இல்லை. அளப்பது நான் மட்டும், கயிறுதான் அவர்களிடம் வரும். உங்கள் பக்கத்தில் குழாய்நீர் மட்டுமே என்றால் கயிற்றை விட்டுவிட்டு, நனைத்த கைக்குட்டையோடு தொடங்குங்கள்.