புறங்கைத் தோல் சருகாகிவிட்டது, எலும்பும் தேய்ந்திருக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. சில வருடங்களாகப் புறங்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, நரம்பெல்லாம் வெளியே தெரிகிறது. கதவில் லேசாக இடித்தாலே கன்றிப்போகிறது. இரண்டு வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது. மூச்சிரைப்புக்கு வெகுநாளாக மாத்திரை சாப்பிடுகிறார். தோல் இப்படி இருந்தால் எலும்பும் தேய்ந்திருக்கும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. உண்மையா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: பக்கத்து வீட்டு அக்கா சொல்வதில் விஷயம் இருக்கிறது. தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். அதே முதல் வகைக் கொலாஜன்தான் எலும்புக்கும் சட்டகம். அதன் மேல்தான் கால்சியம் படிகிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் இரண்டு இடத்திலும் இழப்பு தொடங்குகிறது. புறங்கைத் தோல் கண்ணாடி போல ஆனவர்களுக்கு எலும்பு அடர்த்தியும் குறைந்திருப்பதை 1963-லேயே பிரிட்டிஷ் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் தோலை மட்டும் பார்த்து எலும்பைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. வயதும் வெயிலுமே தோலை மெலிய வைக்கும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிட்டால் கன்றுவது இன்னும் கூடும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது தோல் அல்ல, அந்த மணிக்கட்டு. நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு உடைந்தால், வழுக்கியதால்தானே என்று விட்டுவிடக் கூடாது. கட்டுப் போட்டபோதே எலும்பு அடர்த்தியைப் பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

அடுத்தது அந்த மூச்சிரைப்பு மாத்திரை. அட்டையில் பிரெட்னிசோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெஃப்ளாசகார்ட் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இவை ஸ்டீராய்டுகள். மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் தோலையும் எலும்பையும் சேர்த்தே அரிக்கும். அப்படி இருந்தால், தோலும் எலும்பும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை, இரண்டையும் கெடுப்பது ஒரே மருந்து என்று ஆகும். அதற்காக மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. மூச்சோடு உறிஞ்சும் மருந்துக்கு (இன்ஹேலர்) மாற்ற முடியுமா என்று மூச்சு மருத்துவரிடம் கேளுங்கள். எலும்புக்கு அதில் பாதிப்பு மிகக் குறைவு. மூட்டுவலிக்கென்று பெயரில்லாத பொட்டலத்தில் பொடி ஏதும் வாங்கிச் சாப்பிடுகிறாரா என்பதையும் விசாரியுங்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். முழங்கால் வலிக்கு 'எலும்புத் தேய்மானம்' என்கிறோமே, அது மூட்டுத் தேய்மானம். நான் சொல்வது எலும்புக்குள்ளேயே அடர்த்தி குறைவது. உடையும்வரை இது வலிக்காது. முதுகு கூன் விழுவது, உயரம் நாலு சென்டிமீட்டர் குறைவது போன்றவை, முதுகெலும்பு சத்தமில்லாமல் நொறுங்கியதற்கு அடையாளமாக இருக்கலாம். அம்மாவின் உயரத்தை ஒருமுறை அளந்து பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? எலும்பு அடர்த்தியை அளக்கும் 'டெக்ஸா' ஸ்கேன் எடுங்கள். ஊசி கிடையாது, படுத்தால் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இடுப்பிலும் முதுகிலும் பார்ப்பார்கள். இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுத் தரும் எண்தான் டி-ஸ்கோர். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு அடர்த்திக் குறைவு நோய். ஏற்கெனவே எலும்பு உடைந்தவர் என்பதால், எண் அந்த அளவுக்கு இறங்காவிட்டாலும் மருத்துவர் மருந்து தொடங்கலாம். இலவச முகாம்களில் குதிகாலில் கருவி வைத்துப் பார்ப்பதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, சிறுநீரகம் நான்கும் பார்த்துவிடுங்கள். எலும்புக்கு மருத்துவர் வாரம் ஒரு மாத்திரை கொடுத்தால், வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும்.

சாப்பாட்டில் கேழ்வரகு, பால், எள், முள்ளோடு நெத்திலி. விளம்பரத்தில் வரும் கொலாஜன் பொடிக்கு நான் காசு செலவழிக்க மாட்டேன்.

தோலுக்குக் குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெயோ வாசலினோ போதும். நார் போட்டுத் தேய்க்க வேண்டாம். கிழிந்த இடத்தில் ஒட்டும் பிளாஸ்டர் போடாதீர்கள், எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். ஒட்டாத துணி வைத்துச் சுற்றிக் கட்டுங்கள். அப்புறம், ஸ்கேன் முடிவு வரும்வரை காத்திராமல், அந்தக் குளியலறையில் ஒரு கைப்பிடியைப் பொருத்திவிடுங்கள்.