வாசலில் நட்ட பலகை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, நாங்கள் டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் சொந்த வீட்டில் இருக்கிறோம். மே மாதம் பள்ளி வாரியத் தேர்தல். மகளின் தோழியுடைய அம்மா போட்டியிடுகிறார். ஏப்ரல் தொடக்கத்தில் அவருக்காக முன்புல்வெளியில் ஒரு பலகை நட்டேன். நான்காம் நாளே வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அனுமதியில்லாத பலகையாம், பத்து நாளில் எடுக்காவிட்டால் அபராதமாம். "எதுக்கு வம்பு, பிடுங்கிப் போடு" என்கிறார் கணவர். இது பேச்சுரிமை இல்லையா? – பெயர் வேண்டாம், ஃபிரிஸ்கோ

பதில்: பிடுங்காதீர்கள் அம்மா. ஆனால் உங்களுக்குத் துணை நிற்பது அரசியல் சாசனம் அல்ல, டெக்சாஸ் மாநிலச் சட்டம். இந்த வித்தியாசம் புரியாமல் பதில் எழுதினால் சங்கத்து வக்கீல் இரண்டே வரியில் உங்களை உட்கார வைத்துவிடுவார்.

நான் செயின்ட் லூயிஸில் பதினோரு வருடம் இருந்தேன். பக்கத்தில் லடூ என்று ஒரு சிற்றூர். பெரிய மரங்கள், பெரிய வீடுகள், சுவர் தெரியாத அளவுக்குப் புல்வெளி. 1990 டிசம்பரில், வளைகுடாப் போர் எந்த நேரமும் வெடிக்கலாம் என்றிருந்தபோது, அங்கே மார்கரெட் கில்லியோ என்ற பெண்மணி தன் வீட்டு வாசலில் இரண்டடிக்கு மூன்றடியில் 'போர் வேண்டாம்' என்று ஒரு பலகை வைத்தார். அது காணாமல் போனது. இன்னொன்று வைத்தார், அதை யாரோ தட்டிச் சாய்த்தார்கள். போலீசிடம் போனால், இந்த ஊரில் பலகை வைப்பதே தடை என்றார்கள். நகராட்சி மன்றத்தில் விலக்கு கேட்டார், மறுத்தார்கள். வழக்குப் போட்டார். கீழ்நீதிமன்றம் அந்த விதிக்கு இடைக்காலத் தடை விதித்ததும், மாடி ஜன்னலில் ஒரு சாதாரணக் காகித அளவில் 'வளைகுடாவில் அமைதி' என்று எழுதி ஒட்டினார். நகராட்சி பழைய விதியை எடுத்துவிட்டுப் புது விதி போட்டது. 'வீடு விற்பனைக்கு' என்ற பலகைக்கு அதில் இடம் உண்டு. ஜன்னல் காகிதத்துக்கு இல்லை.

1994 ஜூன் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கமே நின்றார்கள். தீர்ப்பை எழுதியவர் ஜஸ்டிஸ் ஸ்டீவன்ஸ். அதில் ஓர் இடம் எனக்கு மறக்கவே மறக்காது. ஒரே அமைதி வாசகம்தான். ஓய்வுபெற்ற ஜெனரல் வீட்டுப் புல்வெளியில் இருந்தால் ஒரு விதமாகத் தோன்றும், பத்து வயதுக் குழந்தையின் படுக்கையறை ஜன்னலில் இருந்தால் வேறு விதமாகத் தோன்றும் என்கிறார். சொல்வது யார் என்பதும் சொல்லில் சேர்த்தி. அதனால்தான் வீட்டு வாசலுக்கு ஈடாக வேறு இடம் இல்லை. தொலைக்காட்சியில் விளம்பரம் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டையும் இரண்டு கம்பியும் போதும்.

சரி, இதெல்லாம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும். லடூவில் தடுத்தது நகராட்சி. உங்கள் சங்கமோ தனியார் அமைப்பு. வீடு வாங்கும்போது அதன் விதிகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதனால் இங்கே மாநிலச் சட்டம்தான் பேசும். டெக்சாஸில் தேர்தலுக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து பத்தாவது நாள் வருகிற வரைக்கும், வேட்பாளருக்கோ வாக்குச்சீட்டில் மக்கள் ஓட்டுக்கு விடப்படும் தீர்மானத்துக்கோ ஆதரவாக உங்கள் இடத்தில் பலகை வைப்பதைச் சங்கம் தடுக்க முடியாது. உங்களுடையது அந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. ஆனால் தரையில் நட்டதாக இருக்க வேண்டும் என்று சங்கம் கேட்கலாம். ஒரு வேட்பாளருக்கு ஒரு பலகைதான் என்று சொல்லலாம். நான்கடிக்கு ஆறடியைத் தாண்டினாலோ, மரத்திலோ விளக்குக் கம்பத்திலோ கட்டினாலோ எடுக்கச் சொல்லலாம்.

எனவே பலகையின் மேல் அளவு நாடாவைப் பிடித்து ஒரு படம் எடுங்கள். தேர்தல் தேதியைக் குறிப்பிட்டு, மாநிலச் சட்டப்படி வைத்திருக்கிறேன் என்று நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், அண்டை வீட்டார்தானே. இன்னொன்று: வேட்பாளர் பெயரோ தீர்மானமோ இல்லாத பொதுவான கருத்துப் பலகைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. சங்கத்தின் அந்தக் கடிதம் என்னவென்று கணவரிடம் நீங்களே விளக்குங்கள். வந்த ஊரில் அடக்கமாக இருக்க வேண்டும் என்ற பயம் நம் வீடுகளில் எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலும் முதல் பலகையை நட்டது நான் ஒருத்திதான். இந்த ஊர்க் களிமண் காய்ந்துவிட்டால் கம்பி உள்ளே போகாமல் வளைந்துகொள்ளும். முந்தின இரவே இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

கேள்வி: ஒஹாயோவில் ஞாயிறுதோறும் ஒரு பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். வழிகாட்டிப் பலகைகளைச் சாலையோரத்தில் நட்டால் நகராட்சி ஆட்கள் எடுத்துப் போகிறார்கள். கட்சிக்காரர்களின் பலகை மட்டும் நிற்கிறது. – தன்னார்வலர் ஒருவர்

பதில்: சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவில் உள்ள புல் பெரும்பாலும் பொது இடம். அங்கே எந்தப் பலகையும் கூடாது என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி விதி போட்டால் அது செல்லும். மின்கம்பங்களில் தட்டி கட்டுவதை லாஸ் ஏஞ்சலிஸ் தடுத்ததை 1984லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து ஆளுக்கொரு விதி வைத்தால் மாட்டிக்கொள்வார்கள். அரிசோனாவில் கில்பர்ட் என்ற ஊரில் ஒரு சின்னத் தேவாலயம், உங்களைப் போலவே சொந்தக் கட்டடம் இல்லாமல் பள்ளிகளில் கூடி வழிபட்டது. அரசியல் பலகைக்கு 32 சதுர அடி வரை அனுமதித்த அந்த ஊர், இவர்களின் வழிகாட்டிப் பலகைக்கு 6 சதுர அடிதான் கொடுத்தது. அதுவும் நிகழ்ச்சிக்கு 12 மணி நேரம் முன்புதான் நடலாம், முடிந்த ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். 2015ல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. உங்கள் நகராட்சியின் பலகை விதியை எழுத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். இடம் பார்த்து வகுத்ததா, எழுத்தைப் பார்த்து வகுத்ததா என்பதைக் கவனியுங்கள். அதுவரைக்கும் திருப்பத்தில் இருக்கும் வீட்டுக்காரர் ஒருவரிடம் கேட்டு, அவர் புல்வெளிக்குள் நட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன், வாடகை வீடு. பலகை வைக்கலாமா?

பதில்: கருத்துச் சொல்லத் தடையில்லை, பணம் கொடுக்கத்தான் தடை. பிரசாரக் குழுவிடம் காசு கொடுத்து பலகை வாங்கினால் அது நன்கொடைக் கணக்கில் வரும், அதை மட்டும் செய்யாதீர்கள். மத்திய அரசின் சட்டப்படி கிரீன் கார்டு இருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. வாடகை வீடு என்பதால் ஒப்பந்தத்தை எடுத்துப் பலகை பற்றி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றாலும் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடுங்கள்.