தோல் இருக்கட்டும், சோலைப் பாருங்கள்

கேள்வி: ஓசூரில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 34. தினமும் பைக்கில் 14 கிலோமீட்டர் போய், ஒன்பது மணி நேரம் கான்கிரீட் தரையில் நிற்பதும் நடப்பதுமாக வேலை. ஒன்றரை வருடத்தில் 1,800 ரூபாய்க்கு ஒன்று, 2,200 ரூபாய்க்கு ஒன்று என்று இரண்டு ஜோடி லெதர் பூட்ஸ் வாங்கிவிட்டேன். இரண்டிலும் தோல் நன்றாகவே இருக்கிறது, சோல்தான் வாய் பிளந்துவிட்டது. சாயங்காலமானால் சுண்டுவிரல் வலி உயிர் போகிறது. இப்போது 7,000 ரூபாயில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? ஒரிஜினல் லெதர்தானா என்று தீக்குச்சி கொளுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள், அது சரியா? வீட்டில் ‘ஷூவுக்கு ஏழாயிரமா’ என்று கேட்கிறார்கள்.
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, முதலில் அந்தத் தீப்பெட்டியைப் பையில் போடுங்கள். கடைக்காரர் வெளியே தள்ளிவிடுவார் என்பது ஒருபக்கம், அந்தச் சோதனையே இந்தக் காலத்துத் தோலுக்குச் சரிப்படாது. நிஜ மாட்டுத்தோலின் மேலேயே மெலிசாக பிளாஸ்டிக் பூச்சு கொடுத்து விற்கிறார்கள், கொளுத்தினால் ரெக்சின் வாசனைதான் வரும். தவிர, உங்களுக்கு வந்திருப்பது தோல் பிரச்சினையே இல்லை. இரண்டு ஜோடியிலும் தோல் நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காலை வாரிவிட்டது பசை.

அந்த விலைக்கு வரும் பூட்ஸ் பெரும்பாலும் ஒட்டியதுதான். அப்பரை, அதாவது மேல்பாகத் தோலை, கால் வடிவ அச்சில் ஏற்றி, அடியில் பசை தடவி, சோலை வைத்து அழுத்திவிடுவார்கள். ஒட்டியது என்றாலே மட்டம் என்று சொல்லமாட்டேன், ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் உங்களுக்கு ஒரு நாள் வெயில், ஒரு நாள் மழை, பைக் எஞ்சின் சூடு, அது போக ஒன்பது மணி நேரமும் விரலுக்குப் பின்னால் அதே இடத்தில் மடங்கி மடங்கி நிமிர்கிற வேலை. அங்கேதானே பிளந்தது? அங்கேதான் பிளந்திருக்கும்.

என் கதையையும் கேளுங்கள். நல்ல நாளுக்குப் போடலாம் என்று வாங்கிய பூட்ஸை நாலு வருடம் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்து, அக்கா மகள் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். மண்டப வாசலிலிருந்து பந்தி வரை நான் நடந்த வழியெல்லாம் கருப்பாகத் தூள் கொட்டிக்கிடக்கிறது, சோல் ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்ந்துகொண்டிருக்கிறது. பின்னால் வந்த பொடியன் ஒருத்தன் ‘மாமா, உங்க காலிலிருந்து கேக் கொட்டுது’ என்றான். பி.யூ. என்று சொல்கிறார்களே, பாலியூரித்தேன் சோல், அதில் பல ரகங்கள் காற்றில் இருக்கும் ஈரத்திலேயே மெல்ல மெல்லச் சிதைந்துபோகும். போட்டாலும் போகும், போடாமல் வைத்திருந்தாலும் போகும். அதனால் தள்ளுபடியில் பி.யூ. சோல் வாங்கினால் பெட்டியில் தயாரித்த மாதம், வருடம் பாருங்கள். மூன்று வருடம் பழைய சரக்கென்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

இப்போது உங்கள் ஏழாயிரத்துக்கு வருவோம். அந்த விலைக்கு ‘குட்இயர் வெல்ட்’ தையல் கேளுங்கள். பெயரைப் பார்த்து குட்இயர் டயர் கம்பெனியின் தொழில் என்று நினைக்காதீர்கள். ரப்பரைச் சூடாக்கி உறுதியாக்கும் வல்கனைஸ் முறையைக் கண்டுபிடித்த சார்லஸ் குட்இயருக்கு அதே பெயரில் ஒரு மகன், அவர் 1870 வாக்கில் கொண்டுவந்த தையல் மிஷினின் பெயர்தான் அப்படியே நின்றுவிட்டது. விஷயம் எளிது: அப்பரையும், உள்ளே பாதத்துக்கு அடியில் வரும் இன்சோலையும் சேர்த்து, சுற்றிலும் ஒரு பட்டை வைத்துத் தைக்கிறார்கள், அந்தப் பட்டைதான் வெல்ட். அப்புறம் சோலைத் தனியாக அந்தப் பட்டையோடு தைக்கிறார்கள். சோல் தேய்ந்தால் வெளித்தையலை மட்டும் பிரித்து வேறு சோல் போட்டுக்கொள்ளலாம், மேலே இருக்கும் தோலை யாரும் தொடவே வேண்டாம்.

இதிலும் போலி உண்டு. ஒட்டிய சோலின் விளிம்பில், பார்ப்பதற்கு மட்டும், தையல் ஓட்டிய பட்டை ஒன்றை வைத்துவிடுவார்கள். கடையில் பூட்ஸைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே தெரிகிற நூல் அடியிலும் வரிசையாகத் தெரிகிறதா? சில நல்ல பூட்ஸில் அடித்தையலைப் பள்ளத்தில் இறக்கி மூடியிருப்பார்கள், அதனால் தெரியவில்லை என்றதும் போலி என்று முடிவுகட்டாமல் ‘சோல் மாற்றித் தருவீர்களா’ என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது அவர் முகம் போகிற போக்கிலேயே பாதி தெரிந்துவிடும்.

வெல்ட் இல்லாமல் ஏழாயிரம் என்றால் வேண்டவே வேண்டாம். 2,500 ரூபாய்க்குக் கெட்டியான ரப்பர் சோல் வைத்த, ஒட்டிய பூட்ஸ் ஒன்றை வாங்கி, போடுவதற்கு முன்பே தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து ‘சுத்தி ஒரு தையல் போட்டுக் கொடுங்க’ என்று சொல்லிவிடலாம். ஊசி நுழையத் தோதாக விளிம்பு எழும்பி நிற்கிற சோலா என்று அவரே பார்த்துச் சொல்வார். பஞ்சு மாதிரி மெத்தென்ற சோலில் மட்டும் இது வேண்டாம், துளை போட்ட இடத்திலேயே கிழியும்.

தோலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஃபுல் கிரெயின்’ என்றால் மேல்பரப்பைச் சீவாத முழுத்தோல், அதுதான் உழைக்கும். ‘ஜெனுவின் லெதர்’ என்ற முத்திரை தரத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாது, அடித்தோலைப் பிளந்தெடுத்துப் பூச்சு பூசியதற்கும் அதே முத்திரைதான். கட்டைவிரலால் அழுத்தினால் தோல் மெல்லிய கோடுகளாகச் சுருங்கி, எடுத்ததும் விரிய வேண்டும். நாக்கு மாதிரி லேஸுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதன் வெட்டு விளிம்பைப் பாருங்கள், நார் நாராக இருந்தால் தோல், அடியில் துணி தெரிந்தால் ரெக்சின். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் தோல் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள், உங்களுக்கு ஒரே நாளில் போய்வரும் தூரம்தான். அந்தப் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நாலு கடை ஏறி இறங்கிவிட்டு வாருங்கள், ஆன்லைனில் படம் பார்ப்பதைவிடக் கைக்கு நிறையப் புரியும்.

சுண்டுவிரல் வலிக்கு வருகிறேன், என்னைக் கேட்டால் சோலைவிட இது பெரிய விஷயம். சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சில வருடங்களுக்கு முன் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை அளந்து பார்த்தது. நம் கால்கள் ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட அகலம் என்று தெரியவந்தது. கடையில் இருப்பதோ இங்கிலாந்து அளவு. அகலம் போதாமல் சுண்டுவிரல் இடிக்கும், கடைக்காரர் ஒரு சைஸ் பெரிதாகக் கொடுப்பார், இப்போது நீளம் கூடிப்போய்க் குதிகால் மேலும் கீழும் ஏறி இறங்கிக் கொப்புளம் வரும். ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் நீளம் கிட்டத்தட்ட எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம், விளையாட்டில்லை. சைஸைக் கூட்டாதீர்கள், அகலமான அச்சில் செய்த மாடலைக் கேளுங்கள்.

சாயங்காலம் போங்கள், கால் வீங்கியிருக்கும் நேரம் அது. வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு போங்கள். உள்ளே கழற்றக்கூடிய இன்சோல் இருந்தால் வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் விளிம்பைத் தாண்டி வெளியே வழிகிறதா? வேறு பேச்சே இல்லை, அடுத்த ஜோடி. முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், குதிகால் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். ‘போடப் போட விட்டுக்கொடுக்கும் சார்’ என்பார்கள். தோல் பக்கவாட்டில் கொஞ்சம் விடும், நீளவாக்கில் விடாது. இன்னொன்று, கடையில் போட்டதும் மெத்தை மாதிரி இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த மெத்தை கான்கிரீட்டில் சில மாதங்களில் அமுங்கித் தட்டையாகிவிடும். நல்ல பூட்ஸ் முதல் இரண்டு வாரம் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், வீட்டில் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாகப் போட்டுப் பழக்குங்கள். (கிடங்கில் பாரமான சரக்கு தலைக்கு மேல் ஏறி இறங்குகிறது என்றால் இதெல்லாம் கிடக்கட்டும், ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள சேஃப்டி ஷூ வாங்கிவிடுங்கள்.)

வீட்டில் கேட்பதற்குக் கணக்கு இது. பதினெட்டு மாதத்தில் 4,000 ரூபாய் செலவழித்திருக்கிறீர்கள், அந்த வேகத்தில் 7,000 ரூபாய் இரண்டரை வருடத்துக்குச் சற்று மேலே வரும். வெல்ட் தையல் பூட்ஸ், நடுவில் ஒருமுறை சோல் மாற்றினால், அதைத் தாண்டிவிடும். ஆனால் தினமும் அதையே போடக்கூடாது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட வேண்டும், உள்ளே ஊறிய வியர்வை காய அவ்வளவு நேரம் வேண்டும். மழையில் நனைந்தால் பழைய பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்து ஃபேன் காற்றில் விடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். இடது பூட்ஸின் நுனியை கியர் லிவர் தின்றுகொண்டிருக்கும், லிவர் முனையில் ரப்பர் தேய்ந்திருந்தால் மெக்கானிக்கிடம் புதுசு போட்டுக்கொள்ளுங்கள், பத்து இருபது ரூபாய் சமாச்சாரம்.

மாற்றிப் போட இன்னொரு ஜோடிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். வாய் பிளந்த இரண்டும் இன்னும் வீட்டில்தானே கிடக்கின்றன? அதில் விரல் இடிக்காததாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஒட்டி, சுற்றித் தையல் போட்டு வாங்கி வையுங்கள்.