ஒரே தூண், இரண்டு ஓவியங்கள்

கேள்வி: குடியாத்தத்தில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். என் மாணவிக்கு 19 வயது. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக் குதிரை வீரன் தூணைப் பேனா மையில் வரைந்து போட்டியில் பரிசு பெற்றாள். அது தன் படத்தின் நகல் என்று மூத்த ஓவியர் ஒருவர் சொல்லி வருகிறார். தன் படத்தை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. இவள் வரைவதையே நிறுத்திவிட்டாள். நான் பேசுவதா, ஒதுங்கி இருப்பதா?

பதில்: 'அவள் அப்படிச் செய்பவள் இல்லை' என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. உங்களுக்கே சந்தேகம் இருக்கிறது போலும். இருக்கட்டும். ஆனால் ஆசிரியரே வாய் திறக்கவில்லை என்றால் ஊர் அதையே சாட்சியாக எடுத்துக்கொள்ளும்.

அந்த ஓவியரை நேரில் பார்த்து, "ஐயா, உங்கள் படத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டாதவரை அது வெறும் பேச்சு. காட்டினால், இரண்டு படங்களோடும் மண்டபத்துக்கே போங்கள். 16ஆம் நூற்றாண்டுத் தூணுக்கு இவரும் சொந்தக்காரர் இல்லை, அவளும் இல்லை. முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரையை யார் வரைந்தாலும் கால் தூக்கித்தான் இருக்கும். ஆகவே ஒற்றுமைகளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். கல்லில் இல்லாதது இரண்டு படங்களிலும் இருக்கிறதா என்று பாருங்கள். சிதைந்த ஒரு விரலை அவர் தன் கற்பனையில் நிரப்பியிருக்க, அதே வளைவில் இவளும் நிரப்பியிருந்தால் கவலைப்பட வேண்டியதுதான். விடைத்தாள் திருத்துகிற உங்களுக்குத் தெரியாததா? இருவர் விடையும் சரியாக இருந்தால் யாரும் மாட்டுவதில்லை. ஒரே தப்பை இருவரும் எழுதியிருந்தால்தான் மாட்டுவார்கள்.

சட்டமும் ஏறக்குறைய இதையே பார்க்கிறது. கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 1978லேயே சொல்லிவிட்டது.

அவளிடம் விசாரணை வேண்டாம். முதலில் கிறுக்கிப் பார்த்த நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அதைக் குற்றமாக்காதீர்கள். அந்த வயதில் நான் பொட்டலத் தாளில் வரைந்து தூக்கி எறிந்தவன். அவர் படத்தைப் பார்த்துப் பழகியிருந்தால் அவளே சொல்லட்டும். பார்த்துப் பழகாமல் யாருக்குக் கை வந்தது? அதை மறைத்துப் பரிசு வாங்கியதுதான் பிசகு. அப்படியென்றால் பரிசைத் திருப்பிக் கொடுக்க நீங்களும் கூடப் போங்கள். இல்லையென்றால், அவர் யார் யாரிடம் சொன்னாரோ அவர்களிடமெல்லாம் நீங்களும் போய்ச் சொல்லுங்கள்.

அதுவரை, யார் இந்தப் பேச்சை எடுத்தாலும் ஒன்று மட்டும் கேளுங்கள்: "அந்தப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை, நீங்கள் பார்த்தீர்களா?"