திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

அன்புள்ள ஐயா,

குரூப் 1 தேர்வுக்கு மூன்றாவது முறையாகப் படிக்கிறேன். எவரெஸ்ட் உச்சியில் டென்சிங் ஐஸ் கோடரியைத் தூக்கிப் பிடித்து நிற்கும் படத்தை மேசைக்கு மேலே ஒட்டி, 'பின்வாங்கும் பேச்சே இல்லை' என்று அதன் கீழே எழுதி வைத்திருக்கிறேன். தூக்கத்தை நான்கு மணி நேரமாகக் குறைத்துவிட்டேன். இதற்கிடையில் கூட்டுறவு வங்கியில் உதவியாளர் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. அம்மா சேரச் சொல்கிறார். சேர்ந்தால் பாதி மலையில் திரும்பியது போலாகிவிடும் என்று தோன்றுகிறது. யார் தயவும் இல்லாமல் தனியாகச் சாதிக்க வேண்டும் என்பதே என் ஆசை. மலையேறுபவர்களின் மனவுறுதி எனக்கு வர என்ன வழி? ஏதாவது புத்தகம் சொல்லுங்கள்.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் சுவரில் இருப்பவர் 1953க்கு முன் ஆறு முறை எவரெஸ்டுக்குப் போய் உச்சியைத் தொடாமல் திரும்பியவர். 1935, 1936, 1938, 1947, பிறகு 1952இல் இரண்டு முறை. தொடக்கத்தில் சுமை தூக்கிப் போனவர். 1952 மே மாதம் சுவிஸ் மலையேறி ரேமண்ட் லாம்பேருடன் ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை ஏறிவிட்டார். உச்சிக்கு 250 மீட்டர்தான் பாக்கி. திரும்பி இறங்கினார். அவர் படத்தின் கீழே போய் இப்படி ஒரு வரியை எழுதியிருக்கிறீர்களே! முதலில் அதைக் கிழித்துப் போடுங்கள்.

புத்தகம் இப்போது வேண்டாம். படிக்க வேண்டியது உங்கள் மேசையிலேயே குவிந்திருக்கும். தனியாகச் சாதிப்பது பற்றியும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டென்சிங் உச்சியைத் தொட்ட 1953 பயணத்தில் மூட்டை சுமந்தவர்கள் மட்டும் 362 பேர்.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மலையேறுபவர்கள் ஓய்வுக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். 3,000 மீட்டருக்கு மேலே போனால், இரவு படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்கி ஓய்வெடுக்க வேண்டும். பகலில் மேலே ஏறிவிட்டு, இரவு கீழே வந்து படுப்பார்கள். குறைந்த ஆக்சிஜனுக்கு உடம்பு பழகுவதற்கு அதற்கென்று நாள் பிடிக்கும். மனவுறுதியால் அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்க முடியாது. உடல் வலுவுள்ள இளைஞர்களும் மலைநோயில் விழுகிறார்கள், வேகமாக ஏறிவிடுவதால். தலைவலியும் குமட்டலும் வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் ஒருவர் தள்ளாடுகிறார் என்றால், அவருக்கு மூளை வீங்கத் தொடங்கியிருக்கிறது. நள்ளிரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். உங்களுக்கும் அப்படித்தான், நான்கு மணி நேரத் தூக்கத்தில் படித்தது மண்டையில் தங்காது. ஏழு மணி நேரம் தூங்குங்கள். இதில் பேரம் கிடையாது.

நீங்கள் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியில் நின்றது 1953 மே 29. அதற்கு மூன்று நாள் முன்னால், 26ஆம் தேதி, அதே குழுவைச் சேர்ந்த டாம் போர்டில்லனும் சார்லஸ் எவன்ஸும் தெற்குச் சிகரம் வரை ஏறிவிட்டார்கள். அங்கிருந்து உச்சிக்குச் செங்குத்துக் கணக்கில் சுமார் 100 மீட்டர். விட்ட மூச்சையே சுண்ணாம்பு அடைத்த டப்பா வழியாகச் சுத்தப்படுத்தித் திரும்ப இழுக்கும் வகை ஆக்சிஜன் கருவி அவர்களுடையது. அன்று காலையிலேயே எவன்ஸின் கருவி கோளாறு செய்ததில் கிளம்பவே தாமதம். தெற்குச் சிகரத்தை அடையும்போது மணி ஒன்று. போர்டில்லனுக்குத் தொடர்ந்து போக ஆசை. எவன்ஸ் கணக்குப் பார்த்தார். போகலாம், திரும்பி வர ஆக்சிஜன் இருக்காது. இறங்கினார்கள். இறங்கும்போது களைப்பில் கால் வழுக்கிப் பனிச்சரிவில் உருண்டும் விழுந்தார்கள்.

அவர்கள் வழியில் விட்டுவந்த இரண்டு சிலிண்டர்களை 29ஆம் தேதி மேலே போகும்போது ஹிலாரி பார்த்தார். பனியைச் சுரண்டி அளவுமானியைப் படித்தார். இன்னும் ஆக்சிஜன் இருந்தது. தாங்கள் இறங்கி வருவதற்கு அது போதும் என்று தெரிந்த பிறகே மேலே தொடர்ந்தார்கள். நீங்கள் தினமும் பார்க்கும் அந்தப் படத்துக்குப் பின்னால், திரும்பி வந்த இரண்டு பேரின் மிச்ச ஆக்சிஜனும் இருக்கிறது. எவன்ஸ் இரண்டு வருடம் கழித்து, 1955இல், கஞ்சன்ஜங்காவை முதன்முதலாக ஏறிய குழுவுக்குத் தலைவர்.

திரும்பும் நேரத்தைக் கீழே இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும். எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே மூளை சரியாக வேலை செய்யாது. அதைவிட மோசம், சரியாக வேலை செய்யவில்லை என்பதும் அதற்குத் தெரியாது. 'இன்னும் ஒரு மணி நேரம்தானே' என்றுதான் அது சொல்லும். அதனால்தான் அந்த முடிவைக் கீழே முகாமில், வயிறு நிறைந்து தெளிவாக இருக்கும்போது எடுக்கிறார்கள். வயர்லெஸ்ஸில் அதை நினைவூட்ட ஒருவர் கீழே இருப்பது இன்னும் நல்லது. 1996 மே 10 அன்று மதியம் ஒரு மணி, அதிகம் போனால் இரண்டு மணி என்று பேசிவிட்டுப் போனவர்களில் சிலர் அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருந்தார்கள். மாலையில் புயல் வந்தது. அன்றும் மறுநாளும் சேர்த்து எவரெஸ்டில் எட்டுப் பேர் இறந்தார்கள். இரண்டு குழுக்களை வழிநடத்திய தேர்ந்த மலையேறிகள் இருவரும் அதில் அடக்கம். அதே மாதத் தொடக்கத்தில் சுவீடனைச் சேர்ந்த கோரான் க்ரோப் உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் கீழே நேரமாகிவிட்டது என்று திரும்பினார். அவர் ஊரிலிருந்து சைக்கிளில் நேபாளம் வந்தவர்! 23ஆம் தேதி மறுபடி ஏறி, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் உச்சியைத் தொட்டு, உயிரோடு இறங்கினார்.

நம் ஊர் மலைக்கும் கணக்கு இதுதான். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்கு இருட்டு. பதின்மூன்று மணி நேரம். இரண்டு மணி நேரத்தைக் கையிருப்பாக ஒதுக்குங்கள், கால் பிசகலாம், மழை வரலாம். மீதி பதினொன்றில் இறங்க நாலரை மணி நேரம். ஆக, காலை பதினொன்றரைக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்ப வேண்டும். 'இறக்கம்தானே, ஓடிவிடலாம்' என்பது தப்புக் கணக்கு. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, அதில்தான் அதிகம் அடிபடும். முட்டி ஆட்டம் காண்பதும், தவறி விழுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

ஒரு தாள் எடுங்கள். எத்தனை முறை எழுதுவீர்கள், கையிலிருக்கும் பணம் எந்த மாதம் வரை வரும், உடம்பு என்ன செய்தால் நிறுத்துவீர்கள், மூன்றையும் எண்ணாகவும் தேதியாகவும் எழுதுங்கள். தேர்வு முடிவு வந்த இரவில் எழுத வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதுங்கள். எழுதி அம்மா கையில் கொடுங்கள். அவர் உங்களைக் கீழே இழுக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது அநியாயம். வயர்லெஸ்ஸைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

வங்கி வேலையில் சேருங்கள். சம்பளம் வந்தால் அடுத்த முறை முதன்மைத் தேர்வுக்குப் பணக்கவலை இல்லாமல் படிக்கலாம். ஆர்டரில் சேர வேண்டிய கடைசித் தேதி இருக்கும். கடிதத்தில் அதை நீங்கள் எழுதவே இல்லை, இன்றே பாருங்கள். பணியில் இருந்துகொண்டு தேர்வு எழுதத் தடையின்மைச் சான்று வேண்டுமா என்று சேரும் நாளிலேயே விசாரித்துவிடுங்கள். பிறகு அலுவலக நேரம் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, பஸ்ஸில் எவ்வளவு நேரம் போகிறது என்று எழுதுங்கள். படிக்க எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்று சேர்ந்தே கணக்குப் போடலாம்.