எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தாச்சு, எந்தக் கல்லூரியில் சேர்வது? கேள்வி பதில்

கவுன்சிலிங் (நீட் ரேங்க்படி இடம் ஒதுக்கும் கலந்தாய்வு) நாட்களில் எனக்கு வருகிற கேள்விகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்: "இரண்டு இடம் கிடைக்கும்போல இருக்கிறது, எதை எடுப்பது?" அதனால் இந்த முறை எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்கிறேன். நான் மாவட்டத் தலைநகர் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தவள். இப்போது பொது மருத்துவப் பிரிவில் மாணவர்களுக்கு வார்டில் பாடம் எடுக்கிறேன். என் பதில்களில் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, அந்த மருத்துவமனைக்கு எத்தனை நோயாளிகள் வருகிறார்கள். இன்னொன்று, படித்து முடிக்கும்போது வீட்டில் எவ்வளவு கடன் இருக்கும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் தென்காசி. என் ரேங்கிற்குத் திருநெல்வேலியும் கிடைக்கும், சென்னை கீழ்ப்பாக்கமும் கிடைக்கும். எல்லாரும் சென்னைதான் பெரிசு என்கிறார்கள். அம்மாவுக்கு நான் பக்கத்தில் இருந்தால் நிம்மதி.

அம்மா சொல்வதையும் கேளுங்கள், தப்பில்லை. திருநெல்வேலி சின்னக் கல்லூரி இல்லைம்மா. 1965இல் தொடங்கியது. ஆண்டுக்கு 250 பேர் சேர்கிறார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்றால் தெற்கே எல்லாருக்கும் தெரியும். தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்தில் கை மீறிப்போன கேஸ்கள் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். பாம்புக்கடி, அரளி விதை, பூச்சிமருந்து, வயல்காட்டு விபத்து என்று நீங்கள் பார்க்கப்போவதைச் சென்னைக் கல்லூரியில் படிப்பவர் அந்த அளவுக்குப் பார்க்கமாட்டார்.

கீழ்ப்பாக்கத்துக்கும் அதன் பலம் உண்டு. தீக்காயப் பிரிவு பெயர்பெற்றது. ராயப்பேட்டை அரசு மருத்துவமனையும், ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனையும் அதோடு இணைந்தவை. சென்னையில் கருத்தரங்கு, பி.ஜி. (முதுநிலை மருத்துவப் படிப்பு) பயிற்சி வகுப்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் போக்குவரத்திலும் அலைச்சலிலும் நேரம் போகும்.

படிப்பின் தரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. முதல் வருடம் அனாட்டமியில் மனம் உடையும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி வந்தாலே பாதிப் பேர் சரியாகிவிடுகிறார்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் திருநெல்வேலியை முதல் சாய்ஸாக வைப்பேன்.

கேள்வி: சில வருடம் முன்னால் வந்த புதிய அரசுக் கல்லூரிகளை நம்பலாமா?

2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்து வைத்த 11 கல்லூரிகளைக் கேட்கிறீர்கள்: விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், இராமநாதபுரம், கிருஷ்ணகிரி. கல்லூரிக் கட்டடம் புதிது, ஆனால் ஜனங்கள் அதற்கு முன்பே பல ஆண்டுகளாக அந்த ஊர் அரசு மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தவர்கள்தான். அதனால் நோயாளிக்குக் குறைவில்லை.

குறை வேறு இடத்தில். பழைய கல்லூரியில் இரவு இரண்டு மணிக்கும் ஒரு பி.ஜி. மாணவர் வார்டில் இருப்பார். இ.சி.ஜி.யைக் கையில் கொடுத்து, "இதில் என்ன தெரியுது, சொல்லு" என்பார். நான் கற்றதில் பாதி அப்படிக் கற்றது. பி.ஜி. படிப்பு இன்னும் வேரூன்றாத கல்லூரியில் அந்தப் பேச்சுத்துணை குறையும். ஆனால் அதே காரணத்தால் ஹவுஸ் சர்ஜனுக்கு (கடைசி ஒரு வருடம் மருத்துவமனையில் பயிற்சி செய்பவருக்கு) கை நிறைய வேலை கிடைக்கும். பெரிய கல்லூரியில் பி.ஜி.க்களின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் வேலையை இங்கே நீங்களே செய்வீர்கள். கேட்டுக் கேட்டுக் கற்கும் பிள்ளையாக இருந்தால் தாராளமாகச் சேரலாம்.

கேள்வி: டாக்டர், நான் ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு அரசு இடம் தட்டிப்போய்விட்டது. தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கிடைக்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றும் கையில் இருக்கிறது. வீட்டை அடமானம் வைக்கலாமா?

ஐயா, முதலில் ஒரு கணக்கு. நிர்வாக ஒதுக்கீடு (தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு போக மீதி, அதிகக் கட்டண இடம்) என்றால் ஆண்டுக்கு 13 லட்சமோ அதற்கு மேலோ. நிகர்நிலை (தானே பல்கலைக்கழகமாக இயங்கும் கல்லூரி) என்றால் பெரும்பாலும் 20 லட்சத்துக்கு மேல். இதில் ஹாஸ்டல், மெஸ், இதர கட்டணம் எதுவும் சேரவில்லை. 50 லட்சம் கடனை 10 சதவீத வட்டியில் 15 வருடத்தில் கட்டினால் மாதத் தவணை 53,000 ரூபாய்க்கு மேல் வரும். படிக்கிற ஐந்தரை வருட வட்டியையும் அசலோடு சேர்த்தால் இன்னும் கூடும். புதிதாக எம்.பி.பி.எஸ். முடித்தவருக்குத் தனியார் மருத்துவமனையில் கிடைக்கும் சம்பளம் பல ஊர்களில் அந்தத் தவணைக்கே சரியாகப் போய்விடும். அவனுக்கு அப்போது வயது 24. பி.ஜி.க்குப் படிக்க வேண்டிய வயது. தவணைக்காக டியூட்டி டாக்டர் வேலைக்கு ஓடினால் எப்போது படிப்பான்?

அதனால் வீட்டை வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நீட் மதிப்பெண் அரசு கட் ஆஃபுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? அவனுக்கும் விருப்பம் இருந்தால் ஒரு வருடம் மறுபடி எழுதட்டும். தனியார் கல்லூரியிலேயே அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால் கட்டணம் நிர்வாக ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதைக் கட்டாயம் பரிசீலியுங்கள்.

தனியார் என்று முடிவானால் ஒரு வேலை செய்யுங்கள். விளம்பரத்தையும் ஏஜெண்டையும் விட்டுவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த மருத்துவமனை ஓ.பி. சீட்டு கொடுக்கிற இடத்தில் அரைமணி நேரம் நில்லுங்கள். வரிசை இருக்கிறதா? அப்புறம் மகப்பேறு வார்டுப் பக்கம் போய் இறுதியாண்டு மாணவர் யாரையாவது, "இதுவரை எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் கட்டில்கள் நிரம்பும் இடங்கள் இருக்கின்றன. திங்கட்கிழமை காலை அங்கே போய் நின்றால் உண்மை தெரிந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருமுறை எங்கள் பிரிவுக்குப் பணிக்கு வந்த ஓர் இளம் டாக்டருக்கு நீரிழப்பில் துவண்டு கிடந்த குழந்தைக்கு திரவம் ஏற்ற ஊசி குத்தி இரத்தக் குழாயைப் பிடிக்கத் தெரியவில்லை. கெட்டிக்காரப் பெண், தேர்வில் நல்ல மதிப்பெண். படித்த இடத்தில் வார்டு காலியாக இருந்திருக்கிறது. அன்றைக்கு அந்தப் பெண் அழுததை என்னால் மறக்க முடியவில்லை. குற்றம் அவளுடையது இல்லை.

கேள்வி: மேடம், அகில இந்திய ஒதுக்கீட்டில் மகாராஷ்டிராவில் நல்ல கல்லூரி. மாநிலக் கவுன்சிலிங்கில் தேனி. எது?

தேனி. மகாராஷ்டிராவில் அரசுக் கல்லூரியில் படித்தால் ஒரு வருடக் கட்டாயப் பணி உண்டு. அதைவிடப் பெரிய விஷயம் மொழி. நோயாளி மராத்தியில் பேசுவார். நீங்கள் கற்றுக்கொள்ளலாம், பலர் கற்றிருக்கிறார்கள். ஆனால் இரண்டாம் வருடம் வார்டில் கேஸ் எடுக்கத் தொடங்கும்போது பாதிக் கவனம் மொழியிலேயே போய்விடும். வேறு மாநிலம் எதுவானாலும் பத்திர நிபந்தனையை (கட்டாயப் பணிக்கு எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம்) படித்த பிறகுதான் சாய்ஸ் ஃபில்லிங் (விருப்பக் கல்லூரிப் பட்டியல் கொடுப்பது).

கேள்வி: வேலூர் சி.எம்.சி.யா, மதராஸ் மருத்துவக் கல்லூரியா? இரண்டிலும் வாய்ப்பு இருக்கிறது அக்கா, தூக்கமே வரவில்லை.

எதை எடுத்தாலும் தப்பாகாத ஒரே கேள்வி இதுதான். ஆனால் இரண்டும் வேறு வேறு வாழ்க்கை.

மதராஸ் மருத்துவக் கல்லூரி 1835இல் பிறந்தது. முத்துலட்சுமி ரெட்டி அங்கே படித்து 1912இல் டாக்டரானவர். சென்ட்ரல் எதிரே இருக்கிற ஜி.எச். மட்டும் அல்ல, எழும்பூர் தாய்சேய் மருத்துவமனை, குழந்தைகள் மருத்துவமனை, கண் மருத்துவமனை எல்லாம் அந்தக் கல்லூரியோடு சேர்ந்தவை. மாநிலத்தின் மிகச் சிக்கலான கேஸ்கள் வந்து குவியும். ஒரு வகுப்பில் 250 பேர். உங்களை யாரும் கையைப் பிடித்து அழைத்துப்போக மாட்டார்கள். தானே முட்டிமோதிக் கற்கிற சுபாவம் வேண்டும்.

சி.எம்.சி.யில் 100 பேர். ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய இடம். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆண்களைச் சேர்த்தது 1947இல்தான். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து மீட்டுக்கொடுத்த பால் பிராண்ட் அங்கே வேலை பார்த்தவர். ஆசிரியர் மாணவரைப் பெயர் சொல்லி அறிந்திருப்பார். கணியம்பாடி கிராமங்களுக்கு அனுப்பி, நோய் வீட்டிலிருந்து எப்படிப் புறப்படுகிறது என்று காட்டுவார்கள். கட்டணமும் மற்றத் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. ஓர் அமைப்பு பரிந்துரைத்து அனுப்பும் ஸ்பான்சர்ஷிப்பில் சேர்கிறவர்கள் படித்து முடித்ததும் அனுப்பிய அமைப்பின் மருத்துவமனையில் இரண்டு வருடம் பணிசெய்ய வேண்டும். அதைத் தண்டனையாக நினைக்கிறவர் அந்த வழியில் போக வேண்டாம். அங்கே பணிசெய்து வந்த டாக்டர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்க அவர்களுக்குத் தெரிந்த அளவு எங்களில் பலருக்குத் தெரியாது.

கூட்டத்தில் தைரியம் வருகிறவர் என்றால் சென்னை. ஒருவர் கூடவே இருந்து திருத்த வேண்டும் என்றால் வேலூர். உங்களைப் பற்றி உங்கள் பிளஸ் டூ ஆசிரியரிடம் கேளுங்கள், சரியாகச் சொல்வார்.

கேள்வி: மதுரை எய்ம்ஸா, மதுரை மருத்துவக் கல்லூரியா?

எய்ம்ஸ் என்ற பெயருக்காக மட்டும் எடுக்க வேண்டாம். தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் 2022இல் சேர்ந்த முதல் 50 பேர் இராமநாதபுரத்து அரசுக் கல்லூரியில்தான் பாடத்தைத் தொடங்கினார்கள். மதுரை மருத்துவக் கல்லூரி 1954இலிருந்து இருக்கிறது. இராஜாஜி மருத்துவமனையின் கூட்டத்தை நேரில் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புது எய்ம்ஸ் ஒருநாள் பெரிய இடமாக வரட்டும், வரவேண்டும். ஆனால் நீங்கள் படிக்கப்போவது இந்த ஐந்தரை வருடம். நோயாளி இன்று எங்கே இருக்கிறாரோ அங்கே போங்கள்.

கேள்வி: முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட்டு மேம்பாடு (அடுத்த சுற்றில் இதைவிட நல்ல இடம்) கேட்கலாமா? பழைய இடம் பத்திரமாக இருக்கும்தானே?

இருக்காது! ஒவ்வோர் ஆண்டும் யாராவது இதில் ஏமாந்து அழுகிறார்கள். மேம்பாடு கேட்டு அடுத்த சுற்றில் வேறு இடம் ஒதுக்கப்பட்டால் பழைய இடம் அந்த நொடியே இன்னொருவருக்குப் போய்விடும். "புதுசு பிடிக்கவில்லை, பழசுக்கே போகிறேன்" என்று சொல்ல முடியாது. ஆகவே இரண்டாம் சுற்றுப் பட்டியலில், இப்போது இருக்கும் கல்லூரியைவிட நிஜமாகவே விரும்புகிற கல்லூரிகளை மட்டும் போடுங்கள். இடத்தை நிரப்புவதற்காக ஒன்றுகூடச் சேர்க்காதீர்கள்.

எம்.சி.சி. (மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு) கவுன்சிலிங்கில் முதல் சுற்றில் சேராமல் விலகினால் நஷ்டமில்லை. அதற்குப் பிறகு விலகினால் வைப்புத்தொகை போகும். நிகர்நிலைக்கு அந்தத் தொகை 2 லட்சம். விதிகள் ஆண்டுக்காண்டு மாறும். அந்த ஆண்டுக்கான தகவல் தொகுப்பேட்டை அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை முழுக்கப் படியுங்கள்.

கேள்வி: ஜார்ஜியா, ரஷ்யா பரவாயில்லையா? இங்கே தனியாரைவிடச் செலவு குறைவு என்கிறார்கள்.

செலவு குறைவுதான். ஆனால் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி படிப்பு 54 மாதத்துக்குக் குறையக்கூடாது, ஆங்கிலவழியில் இருக்க வேண்டும், 12 மாதப் பயிற்சியை அதே பல்கலைக்கழகத்தில் முடிக்க வேண்டும், அந்த நாட்டில் டாக்டராகப் பதிவுசெய்யும் தகுதியும் வேண்டும். திரும்பி வந்து, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வில் 300க்கு 150 எடுத்து, இங்கேயும் ஒரு வருடம் பயிற்சி. 2024 ஜூன் தேர்வில் தேறியவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். ஏஜெண்டு இந்தக் கடைசி வரியைச் சொல்லமாட்டார்.

கேள்வி: எந்தக் கல்லூரியில் படித்தால் பி.ஜி. சுலபமாகக் கிடைக்கும்?

நுழைவுத் தேர்வில் கல்லூரிப் பெயருக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் ஒன்று கவனியுங்கள்: தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு பி.ஜி. இடங்களில் பாதி, அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. கடனில்லாமல் முடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிக்குச் சேர்ந்து, பி.ஜி.க்குப் போகலாம். என்னோடு படித்தவர்கள் பலரும் அந்த வழியில் போனவர்கள்தான்.

கேள்வி: அக்கா, நான் அரசுப் பள்ளி, தமிழ்வழி. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கிடைக்கும், அல்லது அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பி.டி.எஸ். எனக்கு டாக்டர் ஆகத்தான் ஆசை. ஆனால் அங்கே எல்லாரும் ஆங்கிலத்தில் பேசுவார்கள் என்று பயமாக இருக்கிறது. அப்பா கட்டட வேலை.

தம்பி, எம்.பி.பி.எஸ். எடு. இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியாக இருந்தாலும் படிப்புக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசு ஏற்கிறது. அப்பா கடன் வாங்க வேண்டாம். யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காமல், இடம் ஒதுக்கும் தேர்வுக் குழுவுக்கு எழுது.

முதல் ஆறு மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும், பொய் சொல்லமாட்டேன். புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். புரியாத சொல்லை ஒரு நோட்டில் எழுது, தினமும் இருபது. அறைத் தோழனிடம் வெட்கப்படாமல் கேள். தை பிறக்கும்போது வேகம் வந்துவிடும். நானும் தமிழ்வழிதான்.

இரண்டாம் வருடம் வார்டுக்கு வருவாய். அங்கே ஒரு பாட்டி "நெஞ்சு கரிக்குதுய்யா" என்பார். இன்னொருவர் "நெஞ்சைப் பிசையுது" என்பார். ஒருவர் "கிறுகிறுன்னு வருது" என்பார், அடுத்தவர் "கண்ணை இருட்டிக்கிட்டு வருது" என்பார். நான்கும் நான்கு வேறு நோய்க்கான அடையாளம். ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் சிலர் இந்த வித்தியாசத்தை என்னிடம் வந்து கேட்பார்கள். உனக்கு அது பிறந்ததிலிருந்தே தெரியும்.

சேரப்போகும் நாளில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழின் அசல், நான்கு நகல், நீட் மதிப்பெண் அட்டை, ஒதுக்கீட்டு ஆணை, எல்லாவற்றையும் ஒரே பையில் வை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ.